பி.சி.ஓ.எஸ்: இனிப்பு ஆசை, எடை, ஹார்மோன்... எங்கிருந்து தொடங்குவது?

மாலை நாலு மணிக்கு எங்கள் கம்பெனியில் டீ வரும். ராணிப்பேட்டையில் ஒரு காலணித் தொழிற்சாலை. நான் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். ஒரு கப் டீ, இரண்டு பிஸ்கட். பல வருஷம் அந்த இரண்டோடு என்னால் நிறுத்த முடிந்ததே இல்லை. கைப்பையில் கடலை மிட்டாய், பக்கத்து மேசையில் யாரோ பிறந்தநாளுக்கு வைத்த கேக், பஸ் ஏறும் முன்பு சூடாக ஒரு ஜிலேபி. வீட்டுக்கு வரும்போது பசியும் அடங்கியிருக்காது, மனசும் பாரமாக இருக்கும். "வாயைக் கட்டினா தானா இளைச்சிடுவ" என்று சொல்லாத சொந்தக்காரர் இல்லை.

எனக்கு 24 வயதில் பீரியட்ஸ் நாலு மாதம் தள்ளிப்போனது. ஸ்கேன் பார்த்த மருத்துவர், "நீர்க்கட்டி இருக்கு, எடையைக் குறைங்க, கல்யாணம் ஆனா சரியாயிடும்" என்று இரண்டு நிமிஷத்தில் அனுப்பிவிட்டார். அவர் நீர்க்கட்டி என்று சொன்னதுதான் பி.சி.ஓ.எஸ் (பாலிசிஸ்டிக் ஓவரி சிண்ட்ரோம்), சினைப்பையைப் பாதிக்கும் ஒரு ஹார்மோன் கோளாறு. ஏன் எடை ஏறுகிறது, எப்படிக் குறைப்பது என்று ஒரு வார்த்தை இல்லை. அடுத்த மூன்று வருஷம் காலையில் பட்டினி, மதியம் அரை வயிறு, மாலையில் இனிப்பு, இரவில் அழுகை என்று போனது. 6 கிலோ ஏறியதுதான் மிச்சம். அதற்கு அப்புறம் பார்த்த ஒரு டயட்டீஷியன் அக்காதான் வரிசையைத் திருப்பிப் போட்டார். "முதல்ல காலைச் சாப்பாட்டைச் சரி பண்ணு. அப்புறம் சாப்பிட்ட பிறகு நட. தூக்கத்தைப் பாரு. எடையைக் கடைசியாப் பார்த்துக்கலாம்." இந்த வழிகாட்டியும் அதே வரிசையில்தான் போகிறது. நான் மருத்துவர் இல்லை. மருந்து பற்றி இங்கே சொல்வதெல்லாம் உங்கள் மருத்துவரிடம் தெளிவாகக் கேள்வி கேட்பதற்காகத்தான்.

1. உடம்பில் என்ன நடக்கிறது

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, குழந்தை பெறும் வயதில் உள்ள பெண்களில் 100 பேரில் 10 முதல் 13 பேருக்கு பி.சி.ஓ.எஸ் இருக்கிறது. ஆக, உங்கள் தெருவிலேயே நாலைந்து பேருக்கு இருக்கலாம். வெளியே சொல்லமாட்டார்கள், அவ்வளவுதான்.

"நீர்க்கட்டி" என்ற பெயரே நம்மைப் பயமுறுத்திவிடுகிறது. ஸ்கேனில் தெரிபவை உண்மையில் கட்டிகள் இல்லை. ஒவ்வொரு மாதமும் வளர்ந்து வெடித்து முட்டையை வெளியே விட வேண்டிய சின்னச் சின்னப் பைகள், பாதி வளர்ச்சியில் நின்றுபோய் வரிசையாகத் தங்கியிருக்கின்றன. கரைக்கவோ வெட்டி எடுக்கவோ அங்கே எதுவும் இல்லை. அவை வளராமல் நிற்பது ஏன் என்பதுதான் கேள்வி.

நம்மில் நிறையப் பேருக்கு அதற்கான பதில் இன்சுலினில் இருக்கிறது. சாப்பிட்டதும் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையைத் தசைக்குள் அனுப்புவது இன்சுலின். பி.சி.ஓ.எஸ் உள்ளவர்களில் பலருக்குத் தசை இன்சுலினின் சொல்லைச் சரியாகக் கேட்பதில்லை. உடம்பு இன்னும் கொஞ்சம் இன்சுலினைச் சுரக்கிறது. கூடுதலான அந்த இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனைக் கூட்டுகிறது. ஆண் ஹார்மோனைப் பிடித்து வைத்திருக்கும் ஒரு புரதம் கல்லீரலில் உருவாகிறது. இன்சுலின் கூடினால் அதுவும் குறையும். விளைவு, தாடையில் முடி, முகத்தில் பரு, தலைமுடி உதிர்வது, நாள் தள்ளிப்போவது. கழுத்தின் பின்பக்கமும் அக்குளும் கறுத்து வெல்வெட் துணி போலத் தடித்திருக்கிறதா? அது அழுக்கு இல்லை. நாரைப் போட்டுத் தேய்க்காதீர்கள். இன்சுலின் கூடியிருப்பதைத் தோல் காட்டிக்கொடுக்கிறது.

மாலை நாலு மணி ஆசையும் இதே கதைதான். மாவுச்சத்து மட்டுமே உள்ள சாப்பாடு சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும். இன்சுலின் அதைவிட வேகமாகக் கீழே தள்ளும். இரண்டு மூன்று மணி நேரத்தில் கை நடுங்குகிற மாதிரி ஒரு பசி வரும். அந்தப் பசி கேட்பது கீரையையா? ஜிலேபியைத்தான் கேட்கும். இதில் உங்கள் மன உறுதியின் மேல் பழி போட ஒன்றும் இல்லை.

2. முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்

ஸ்கேன் ஒன்றை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது. 2003ஆம் ஆண்டு ராட்டர்டாம் நகரில் வகுத்த அளவுகோலைத்தான் பெரும்பாலும் பின்பற்றுகிறார்கள்: மாதவிடாய் ஒழுங்கில்லாமை, ஆண் ஹார்மோன் கூடியதன் அடையாளம், ஸ்கேனில் தெரியும் சினைப்பை மாற்றம். மூன்றில் இரண்டு இருந்தால் பி.சி.ஓ.எஸ். ஸ்கேனில் மட்டும் தெரிந்து, பீரியட்ஸ் ஒழுங்காக வந்து, வேறு தொந்தரவும் இல்லையென்றால் அது பி.சி.ஓ.எஸ் ஆகாது.

இதே அறிகுறிகளைத் தைராய்டும் கொடுக்கும், புரோலாக்டின் ஹார்மோன் கூடினாலும் வரும். அதனால் அந்த இரண்டு ரத்தச் சோதனையும் கட்டாயம் வேண்டும். டெஸ்டோஸ்டிரோன், கொழுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றையும் பார்ப்பார்கள். சர்க்கரைக்கு வெறும் வயிற்றில் ஒரு தடவை ரத்தம் எடுத்து அனுப்பிவிட்டால் போதாது. 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்துப் பார்க்கும் சோதனைதான் நமக்குச் சரியாகக் காட்டும். 140க்குக் கீழே இருந்தால் நல்லது; 140 முதல் 199 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி சோதனை எளிதுதான். ஆனால் ரத்தசோகை இருந்தால் அது சரியாகக் காட்டாது, நம் பெண்களில் பலருக்கு ரத்தசோகை உண்டு. கருத்தடை மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், ஹார்மோன் அளவுகள் மாறிக் காட்டும்.

வேலூரில் இருக்கும் நமக்கு இதெல்லாம் எட்டாத தூரம் இல்லை. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. சி.எம்.சி. என்கிற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. பிரசவத்துக்கு ஆண் மருத்துவரை அழைக்கக்கூடாது என்ற கட்டுப்பாட்டால் ஒரே இரவில் மூன்று பெண்கள் இறந்ததைப் பார்த்துத்தான் அமெரிக்க மிஷனரி குடும்பத்துப் பெண் ஐடா ஸ்கடர் மருத்துவம் படிக்கப் போனார். 1900இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு அவர் தொடங்கியதுதான் இன்றைய சி.எம்.சி. அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, தாடையில் வளரும் முடியை மருத்துவரிடம் காட்டக் கூச்சப்பட்டு நான் ஐந்து வருஷத்தை வீணாக்கினேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். போகும் முன்பு ஷேவ் செய்தோ திரெட்டிங் செய்தோ மறைக்காமல் அப்படியே போய்க் காட்டுங்கள்.

3. ஒரு 40 பக்க நோட்டு

மொபைலில் செயலி வைத்திருந்தால் அதுவும் சரி. எனக்கு நோட்டுதான் கைவந்தது. அதில் மூன்றே விஷயம்: பீரியட்ஸ் வந்த தேதி, மாதம் ஒரு தடவை தொப்புள் மட்டத்தில் இடுப்புச் சுற்றளவு, இனிப்பு ஆசை வந்த நேரமும் அதற்கு முன்பு சாப்பிட்டதும். இரண்டு வாரம் எழுதிப் பார்த்ததும் எனக்கே புரிந்துபோனது. நாலு மணி ஆசை வந்த நாட்களில் பத்துக்கு எட்டு நாள் நான் காலையில் ஒன்றும் சாப்பிடாமலோ, வெறும் டீயும் ரஸ்க்குமாகவோ கிளம்பியிருந்தேன்.

4. காலைச் சாப்பாடு

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். முதல் மூன்று வாரத்துக்கு இதை மட்டும் மாற்றினால் போதும்.

நான்கு இட்லியும் தேங்காய்ச் சட்னியும் வைத்துக்கொள்வோம். ஒரு இட்லியில் சுமார் 2 கிராம் புரதம். நாலுக்கு 8 கிராம். மீதியெல்லாம் பெரும்பாலும் அரிசி. இதையே இப்படி மாற்றுங்கள்: இரண்டு இட்லி, பருப்பும் காயும் கெட்டியாக இருக்கும் சாம்பார் ஒரு கிண்ணம், இரண்டு அவித்த முட்டை. புரதம் சுமார் 20 கிராம் ஆகிவிடும். இட்லியை விட வேண்டிய அவசியமே இல்லை. அளவு பாதியானது, கூட ஒரு துணை வந்தது, அவ்வளவுதான். முட்டை சாப்பிடாதவர்கள் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் வைத்துக்கொள்ளுங்கள். பச்சைப்பயறு ஊறவைத்து அரைத்த தோசை, முருங்கைக்கீரை போட்ட அடை, இரண்டும் இட்லியைவிட வயிற்றில் அதிக நேரம் நிற்கும்.

கேழ்வரகு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கம் அது வீட்டுக்கு வீடு உண்டு. "கேழ்வரகு சர்க்கரையை ஏத்தாது" என்று நம்பி, நைசாக அரைத்த மாவில் வெல்லம் போட்டுக் கஞ்சியாகக் குடித்துக்கொண்டிருந்தேன். நைசாக அரைத்துத் தண்ணீராகக் காய்ச்சிய எந்தத் தானியமும் வேகமாகச் செரித்து, சர்க்கரையை வேகமாக ஏற்றும். வெல்லமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். எங்கள் ஆயா செய்கிற மாதிரி களியாகச் சாப்பிடுவது நல்லது. நொய்யைக் குறைத்துப் போட்டு, மாவைக் கொட்டி, துடுப்பால் கட்டி இல்லாமல் கிளறி, ஈரக் கையால் உருட்டினால் வரும் சின்ன உருண்டை ஒன்று. அதோடு முருங்கைக்கீரைக் கடைசல் தாராளமாக, வேர்க்கடலைத் துவையல் ஒரு கரண்டி. ஆயா பெரிய உருண்டையாக வைப்பார். அவர் நாள் முழுக்கக் கழனியில் நின்றவர். நான் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள், எனக்கு அதில் பாதி.

ஜவ்வாது மலைச் சாமைக்கும் இதே கணக்குதான். வெள்ளை அரிசியைவிட நார்ச்சத்து கூடுதல், சுவையும் அருமை. ஆனால் அதுவும் மாவுச்சத்துதான், தட்டு நிறையக் கொட்டிக்கொள்ள முடியாது.

வெல்லம், கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன் எல்லாமே உடம்புக்குச் சர்க்கரைதான். இதைச் சொன்னால் வீட்டில் சண்டை வரும். இருந்தாலும் சொல்லியே ஆக வேண்டும், இதில் ஏமாந்தவர்கள் ரொம்பப் பேர்.

5. மதியமும் இரவும்

தட்டில் பாதி காய், கால் பாகம் பருப்போ முட்டையோ மீனோ கறியோ, கால் பாகம் சோறு. முதலில் காயையும் பருப்பையும் சாப்பிட்டுவிட்டு, சோற்றைக் கடைசியில் சாப்பிடுங்கள். சாப்பாட்டு அளவு அதேதான் என்றாலும் இந்த வரிசையில் சாப்பிட்டால் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும். காசு செலவில்லாத வழி என்பதால் நான் யாரைப் பார்த்தாலும் முதலில் இதைத்தான் சொல்வேன்.

காய்க்கு நமக்குப் பஞ்சம் இல்லை. 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய் நம் வேலூருடையதுதான். அதைச் சுட்டோ வேகவைத்தோ கடைந்தால் எண்ணெய் அதிகம் இல்லாமல் அருமையான கடைசல். கொத்தவரை, அவரை, பீர்க்கன், புடலை, எந்தக் கீரையானாலும் சரி. உருளைக்கிழங்கையும் சேப்பங்கிழங்கையும் மட்டும் சோற்றுப் பக்கத்துக் கணக்கில் சேருங்கள்.

ஆம்பூர் பிரியாணி? சாப்பிடலாம். மதிய வேளையில் சாப்பிடுங்கள். வெங்காயத் தயிர்ப் பச்சடியும் கத்தரிக்காயும் முதலில். கறித்துண்டுகள் அடுத்து. சீரகச் சம்பா சோறு கடைசியில், வழக்கமாகச் சாப்பிடுவதில் பாதி. கூட வரும் குளிர்பானத்தை மட்டும் மேசைக்கே வரவிடாதீர்கள். அன்று மாலை ஒரு நடை.

கீட்டோ, பேலியோ, பால் கூடாது, கோதுமை கூடாது என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். பி.சி.ஓ.எஸ்-க்கு இந்த உணவு முறைதான் சிறந்தது என்று எதையும் ஆய்வுகள் இதுவரை தனியாகக் காட்டவில்லை. 2023இல் வந்த சர்வதேச வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது. நீங்கள் வருஷக்கணக்கில் கடைப்பிடிக்கக் கூடியது எதுவோ அதுவே உங்களுக்கானது.

6. அந்த நாலு மணி

காலைச் சாப்பாடு சரியான மூன்று வாரத்தில் எனக்கு ஆசை பாதிக்கு மேல் அடங்கியது. மீதிக்குச் செய்தது இது.

டீயிலிருந்து தொடங்கினேன். ஒரு நாளைக்கு நாலு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன். மொத்தம் எட்டு ஸ்பூன், குறைந்தது 32 கிராம் சர்க்கரை. கூடுதலாகச் சேர்க்கும் சர்க்கரை ஒரு நாளைக்குச் சுமார் 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். டீயிலேயே அதைத் தாண்டியாயிற்று. ஒரேயடியாக நிறுத்தினால் நாலாவது நாள் பழைய கதைதான். பத்து நாளைக்கு ஒரு முறை அரை ஸ்பூன் குறையுங்கள். நாக்கு பழகிக்கொள்ளும். ஐம்பது நாள் கழித்துப் பழைய டீயைக் குடித்துப் பார்த்தபோது எனக்குப் பாயசம் மாதிரி இருந்தது. டீக்கடையில் "அண்ணா, சர்க்கரை கம்மியா" என்றால் ஒன்றரை ஸ்பூன் விழும். "சர்க்கரை தனியா குடுங்க" என்று கேளுங்கள்.

பையில் வறுத்த வேர்க்கடலை ஒரு கைப்பிடி இருக்கட்டும். நம் வடார்க்காட்டு மண்ணில் விளைவது, விலையும் அதிகம் இல்லை. ஒரு கைப்பிடியில் சுமார் 7 கிராம் புரதம் கிடைக்கும். மூன்றே முக்கால் மணிக்கே, அதாவது டீ வருவதற்கு முன்பே, சாப்பிட்டுவிடுவேன். ஆசை வந்த பிறகு கடலையைத் தேடினால் அது ஜெயிக்காது. கொய்யா, அவித்த சுண்டல், மோர் எதுவும் சரிதான்.

இனிப்பை "இனி வாழ்க்கையில் கிடையாது" என்று தள்ளிவைக்காதீர்கள். அப்படிச் சபதம் எடுத்த ஒவ்வொரு முறையும் நான் அரைக் கிலோ பெட்டியைத் தனியாக முடித்திருக்கிறேன். இப்போது எனக்கு இரண்டே விதி. வெறும் வயிற்றில் இனிப்பு கிடையாது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும். தனியாக உட்கார்ந்து சாப்பிடுவதும் கிடையாது, யாரோடாவது சேர்ந்துதான். போன தீபாவளிக்கு மாமா ஆற்காட்டிலிருந்து மக்கன் பேடா வாங்கி வந்தார். ஒன்றை எடுத்து, கத்தியால் இரண்டாக வெட்டி, பாதியை அம்மாவுக்குக் கொடுத்தேன். பாகு ஊறிய அந்தப் பாதியை, உள்ளே இருக்கும் முந்திரியும் பாதாமும் தனித்தனியாகத் தெரியும்படி மெதுவாகச் சாப்பிட்டேன். பத்து நிமிஷம் ஆனது. இன்னொன்று எடுக்கத் தோன்றவில்லை.

பீரியட்ஸுக்கு முந்தைய வாரம் ஆசை கூடும். தூக்கம் கெட்டாலும் கூடும். யாராவது மனதை நோகடித்தாலும் கூடும். நோட்டில் எழுதினால் எது எந்த நாள் என்று தெரியும். மறைத்து மறைத்து, நிறுத்த முடியாமல் சாப்பிட்டு, பிறகு உங்களையே வெறுக்கும் நிலை அடிக்கடி வருகிறது என்றால், அதற்குச் சிகிச்சை இருக்கிறது. பி.சி.ஓ.எஸ் உள்ளவர்களுக்கு இதுவும், மனச்சோர்வும், பதற்றமும் மற்றவர்களைவிடக் கூடுதலாக வருகின்றன. மனநல மருத்துவரிடம் போவதில் எந்தக் குறைவும் இல்லை.

7. நடையும் பளுவும்

வாரத்துக்கு 150 நிமிஷம் மிதமான உடற்பயிற்சி, கூடவே இரண்டு நாள் தசைக்குப் பளு. எடையும் குறைய வேண்டுமென்றால் 250 நிமிஷம். இது பொதுக் கணக்கு.

வேலூர் வெயிலில் இதை எப்படிச் செய்வது? ஏப்ரல், மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டுகிறது. காலை ஆறு மணிக்குள் கோட்டைப் பக்கம் போனால் அகழி ஓரக் காற்றில் நடக்கலாம், பெண்கள் நிறையப் பேர் நடக்கிறார்கள். அதற்கு முடியாதவர்களுக்கு என் யோசனை: சாப்பிட்ட பிறகு 10 நிமிஷம். மதியம் கேன்டீனைச் சுற்றி, இரவு மொட்டை மாடியில். வேலை செய்யும் தசை, இன்சுலினுக்காகக் காத்திருக்காமல் சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால் சாப்பிட்டதும் நடப்பது நமக்கு இரட்டை லாபம். ஒரு நாளைக்கு மூன்று தடவை பத்துப் பத்து நிமிஷம் நடந்தாலே வாரத்துக்கு 210 ஆகிவிடும்.

பளுவுக்கு ஜிம் வேண்டியதில்லை. நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது 10 தடவை, சுவரில் கை வைத்துத் தள்ளுவது 10 தடவை, இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலை இரண்டு கையிலும் தூக்கி இறக்குவது 10 தடவை. இதை மூன்று சுற்று. தசை கூடக் கூடச் சர்க்கரைக்குப் போக இடம் கூடும். எங்கள் தையல் பிரிவில் எட்டு மணி நேரம் மெஷின் முன்னால் உட்காரும் பெண்களிடம் நான் சொல்வது, தண்ணீர் குடிக்கிற சாக்கிலாவது மணிக்கு ஒரு தடவை எழுந்திருங்கள் என்பதுதான்.

8. தூக்கம்

ஏழு மணி நேரம். இரவு பதினொன்றரைக்குப் படுத்து நாலரைக்கு எழுந்து சமைப்பவர்களுக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். வீட்டில் யாராவது ஒரு வேலையைத் தன் கையில் எடுத்துக்கொள்ளாமல் இது நடக்காது, கேளுங்கள். குறட்டை பலமாக இருந்து, பகலெல்லாம் தூக்கம் அசத்தினால் மருத்துவரிடம் சொல்லுங்கள். தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோய் பி.சி.ஓ.எஸ் உள்ளவர்களுக்குக் கூடுதலாக வரும்.

9. மருந்து: எது எதற்கு

மாத்திரை வேண்டாம் என்று பிடிவாதமாக இருப்பதும் தவறு, மாத்திரை இருக்கிறதே என்று சாப்பாட்டை விடுவதும் தவறு.

மெட்ஃபார்மின் இன்சுலின் வேலை செய்ய உதவும். 500 மி.கி.யில் தொடங்கி மெதுவாக ஏற்றுவார்கள். ஆரம்பத்தில் வயிறு புரட்டும், பேதி ஆகும்; சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டால் குறையும். வருஷக்கணக்கில் எடுத்தால் பி12 சத்துக் குறையலாம், அதைச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

கருத்தடை மாத்திரை, கல்யாணம் ஆகாத பெண்ணுக்கும் கொடுப்பார்கள். பீரியட்ஸை ஒழுங்காக்கவும், முடியையும் பருவையும் குறைக்கவும்தான். அம்மாக்கள் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒளிக்கீற்றுகள் தெரியும் ஒற்றைத் தலைவலி, ரத்தம் உறைந்த வரலாறு, ரத்த அழுத்தம் இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். மாத்திரை எடுக்கும்போது ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முடி குறைவது தெரிய ஆறு மாதமாவது ஆகும். அதுவரை திரெட்டிங்கோ ஷேவிங்கோ செய்யலாம். ஷேவ் செய்தால் முடி அடர்த்தியாகும் என்பது உண்மை இல்லை.

90 நாள் தாண்டியும் பீரியட்ஸ் வரவில்லை என்றால் சும்மா இருக்கக்கூடாது. கருப்பையின் உள்சவ்வு உதிராமல் தடித்துக்கொண்டே போவது பின்னாளில் ஆபத்து. அதற்குத்தான் புரோஜெஸ்டிரோன் மாத்திரை கொடுத்து வரவைக்கிறார்கள்.

குழந்தைக்காக முயல்பவர்களுக்கு முட்டை வெளிவர முதல் தேர்வு லெட்ரோசோல். பி.சி.ஓ.எஸ் உள்ள பெண்களில் பெரும்பாலானவர்கள் தாயாகிறார்கள், சிலருக்குக் கொஞ்சம் உதவி தேவைப்படுகிறது. இதற்கு மறுபக்கமும் உண்டு: நாள் தள்ளிப்போகிறதே, கரு நிற்காது என்று நினைத்துக் கவனக்குறைவாக இருக்க வேண்டாம்.

கழற்சிக்காய், மலைவேம்புச் சாறு, "நீர்க்கட்டி கரைக்கும் பொடி"... இவற்றைப் பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. நானும் மூன்று மாதம் கழற்சிக்காய்ப் பொடி சாப்பிட்டேன், கசப்பு ஒன்றுதான் நினைவிருக்கிறது. என்ன கலந்திருக்கிறது என்றே எழுதாத பொடியை வாங்காதீர்கள். சித்த மருத்துவம் பார்க்க விரும்பினால் பட்டம் பெற்றவரிடம் போங்கள், ஏற்கெனவே எடுக்கும் மாத்திரையின் சீட்டைக் காட்டுங்கள். கருத்தரிக்க முயலும்போது எதையும் தானாகக் குடிக்காதீர்கள்.

10. கடைசியாக எடை

இப்போது இயந்திரத்தில் ஏறலாம். வாரத்துக்கு ஒரு தடவை போதும்.

"20 கிலோ குறைக்கணும்" என்ற கணக்கைத் தூக்கிப் போடுங்கள். உடல் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே பலருக்குப் பீரியட்ஸ் ஒழுங்காகத் தொடங்கும். 70 கிலோ என்றால் மூன்றரைக் கிலோ. வாரத்துக்கு அரைக் கிலோ இறங்கினாலே வேகம்தான். சில மாதம் எடை அசையாது, ஆனால் இடுப்பு ஒரு இஞ்ச் குறைந்திருக்கும். அந்த இஞ்ச்தான் முக்கியம். நம் உடல்வாகுக்குப் பெண்களுக்கு இடுப்பு 80 செ.மீ.க்குள் இருப்பது நல்லது. எனக்கு ஏழு மாதத்தில் 5 கிலோ, இடுப்பில் 7 செ.மீ. ஆனால் மூன்றாவது மாதமே, எடை ஒன்றரைக் கிலோ மட்டும் குறைந்திருந்தபோது, 34 நாளில் பீரியட்ஸ் வந்தது. அந்தத் தேதியை நோட்டில் சிவப்பு மையால் எழுதி வைத்திருக்கிறேன்.

ஒல்லியாக இருப்பவர்களுக்கும் பி.சி.ஓ.எஸ் வரும். அவர்கள் எடையைக் குறைக்கவே கூடாது. தட்டு, நடை, தூக்கம் மூன்றும் அவர்களுக்கும் அப்படியே பொருந்தும்.

பிறகு வருஷம் ஒரு தடவை ரத்த அழுத்தம், ஒன்று முதல் மூன்று வருஷத்துக்குள் ஒரு தடவை குளுக்கோஸ் சோதனை. சில மாதத்துக்குள்ளேயே முடி வேகமாக வளர்ந்து குரலும் தடித்தால் அது பி.சி.ஓ.எஸ் மட்டும் இல்லாமல் வேறு காரணமாக இருக்கலாம், தாமதிக்காமல் காட்டுங்கள்.

11. வீட்டில் பதினைந்து வயதுப் பெண் இருந்தால்

குடியாத்தத்தில் இருக்கும் என் அக்கா போன மாதம் பதறிப்போய் போன் செய்தாள். "பாப்பாவுக்கு ரெண்டு மாசமா வரலடி. ஸ்கேன் எடுத்துடலாமா?" பாப்பா பெரியவளாகி இரண்டரை வருஷம்தான் ஆகிறது. பூப்படைந்த முதல் சில வருஷங்கள் சுழற்சி முன்பின்னாக இருப்பது பலருக்கும் சகஜம். பூப்படைந்து எட்டு வருஷம் வரைக்கும் ஸ்கேனை வைத்து பி.சி.ஓ.எஸ் என்று சொல்லக்கூடாது என்பதுதான் இப்போதைய வழிகாட்டுதல், ஏனென்றால் அந்த வயதில் ஆரோக்கியமான சினைப்பையே ஸ்கேனில் அப்படித்தான் தெரியும். பூப்படைந்து ஒன்று முதல் மூன்று வருஷம் வரை சுழற்சி 45 நாளையும், மூன்று வருஷத்துக்குப் பிறகு 35 நாளையும் தாண்டிக்கொண்டே இருந்தாலோ, எப்போதானாலும் 90 நாள் வராமல் இருந்தாலோ, முகத்தில் முடியும் கடுமையான பருவும் சேர்ந்தாலோ மருத்துவரிடம் போக வேண்டும்.

அக்காவிடம் இரண்டு விஷயம் சொன்னேன். ஒன்று, தேதிகளை எழுத ஒரு நோட்டு வாங்கிக் கொடு. இன்னொன்று, அவள் காதுபட "குண்டாயிட்டே போறா" என்று யாரையும் பேச விடாதே, நீயும் பேசாதே. ஞாயிற்றுக்கிழமை நானே போயிருந்தேன். கழுத்தின் பின்பக்கத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டே இருந்தாள் பாப்பா. பக்கத்தில் கூப்பிட்டு என் கழுத்தைக் காட்டினேன். எனக்கும் இப்படித்தான் கறுப்பாக இருந்தது, இப்போது பாதி வெளுத்திருக்கிறது பார் என்றேன். விரலால் தடவிப் பார்த்தாள். "தேய்ச்சா போகலையா சித்தி?" என்று கேட்டாள். "தேய்க்காதம்மா, எரியும். டாக்டர்கிட்ட ஒருவாட்டி காட்டிடலாம். அதுவரைக்கும் காலைல சாப்பிட்டுட்டு ஸ்கூலுக்குப் போ" என்றேன். திங்கள்கிழமையிலிருந்து அவள் டிபன் டப்பாவில் இரண்டு முட்டை போகிறது.